பேய் வீட்டில் காசை எங்கே போடுவது?

வணக்கம் மக்களே! கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், அங்கேதான் நிற்கிறேன். பின்னால் ராட்டினம் சத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் பேசப் போவது பேய் வீடு.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தகரக் கொட்டகை, கறுப்புத் துணி, ஒளிரும் பெயின்டில் ஒரு எலும்புக்கூடு. மோட்டார் வைத்த ஒரு சூனியக்காரி கையைத் தூக்கி இறக்குகிறாள்; யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த திருப்பத்தில் கும்மிருட்டு. அங்கே ஒரு பையன் தரையோடு தரையாக உட்கார்ந்து, போகிறவர்கள் காலில் ஈரச் சாக்கை லேசாகத் தடவுகிறான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அலறுகிறது!

பெரிய பூங்காக்களிலும் இதே கணக்குதான்: ஜனங்கள் பார்க்கிற, பயப்படுகிற இடத்தில்தான் காசைப் போட வேண்டும். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969-ல் திறந்த பேய் மாளிகையில், நாம் உட்கார்ந்து போகும் வண்டியே நம்மைத் திருப்பி, எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் காட்டும். நாம் பார்க்காத பக்கத்துக்கு அலங்காரம் எதற்கு? அங்கே நடனமாடும் பேய்களும் பழைய வித்தைதான். 1862-ல் லண்டனில் பெப்பர் என்பவர் மேடையில் காட்டியது. உருவத்தை நம் கண்ணுக்குப் படாமல் ஒளித்து வைத்து, அதன் மேல் விளக்கைப் போட்டால், எதிரே நிற்கும், ஊடுருவிப் பார்க்கக்கூடிய பெரிய கண்ணாடித் தகட்டில் புகை மாதிரி பிம்பம் தெரியும். விளக்கை அணைத்தால் பேய் காணாமல் போய்விடும்.

காசு இருந்தாலும் சிக்கல்தான். ஃப்ளோரிடா டிஸ்னி பூங்காவில் 2006-ல் எவரெஸ்ட் ரோலர் கோஸ்டர் திறந்தார்கள். செலவு சுமார் 10 கோடி டாலர் என்றார்கள். அதில் ரயிலைப் பிடிக்கப் பாயும் ராட்சதப் பனிமனிதன் கொஞ்ச காலத்திலேயே அசையாமல் நின்றுவிட்டான். அப்புறம் விளக்கை மின்ன விட்டு, அசைகிற மாதிரி ஒப்பேற்றினார்கள். அசைகிற பொருளைச் செய்வதைவிட, அதைத் தினமும் ஓட்டிக் காப்பதுதான் பெரிய செலவு. நம் ஊர் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம், இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால் அந்தச் சூனியக்காரியைத் தூக்கிவிடுவேன். அந்தக் காசில் புதுச்சேரி திருக்கனூரில் காகிதக்கூழ் முகங்கள் சொல்லி வாங்கலாம். புவிசார் குறியீடு வாங்கிய கைவினை அது. கனமில்லை, ஊர் ஊராக லாரியில் ஏற்றி இறக்கவும் வசதி.

இன்னொன்று, இங்கே கடைசி அறை காலி. ஜனங்கள் சாவகாசமாகக் கொட்டாவி விட்டபடி வெளியே வருகிறார்கள், டிக்கெட் வரிசைக்கு நேர் எதிரே! வாசலருகே ஒரு பயத்தை வைத்தால் அலறிக்கொண்டு ஓடி வருவார்கள், வரிசையில் நிற்பவர்களுக்கு அதைவிட விளம்பரம் வேண்டுமா? டிக்கெட் கொடுக்கிற அண்ணனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா அதுக்கு இன்னொரு பையன் வேணுமே, சம்பளத்தை யார் குடுக்குறது?” என்றார்.