காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்? செயலி நிறுவனங்களும் தொழிலாளர் வகைப்பாடும்

[திரையில்: ஒரு நகரத்தின் வரைபடம். அதில் நகரும் புள்ளிகளில் சில பச்சை, சில சாம்பல்.]

வணக்கம். திரையில் நகரும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாகனம். பச்சைப் புள்ளிகளில் பயணி அமர்ந்திருக்கிறார். சாம்பல் புள்ளிகளில் ஓட்டுநர் மட்டும் செயலியைத் திறந்துவைத்து அடுத்த சவாரிக்காகக் காத்திருக்கிறார். செயலிவழிச் சேவை நிறுவனங்களைப் பற்றிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் நடந்துவரும் வாதம், இந்த ஓட்டுநர் ஊழியரா, தனி ஒப்பந்ததாரரா என்ற கேள்வியாகவே பெரும்பாலும் முன்வைக்கப்படுகிறது. அந்தக் கேள்வி முக்கியமானதுதான். ஆயினும் ஓட்டுநரின் ஒரு நாள் வருமானம் எவ்வளவு என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தச் சாம்பல் புள்ளி வேலை நேரமாகக் கணக்கிடப்படுகிறதா, இல்லையா என்பதே. இந்த விளக்கம் அதைப் பற்றியது.

வகைப்பாடு ஏன் இவ்வளவு கனமான விஷயமாயிற்று என்பதை அமெரிக்கச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். அங்கே ஒருவர் ஊழியர் என்று கொள்ளப்பட்டால் குறைந்தபட்ச ஊதியம், மிகைநேர ஊதியம், வேலையிழப்புக் காப்பீடு, பணியிட விபத்துக்கான இழப்பீடு, சங்கம் அமைத்துக் கூட்டுப்பேரம் பேசும் உரிமை ஆகியவை ஒட்டுமொத்தமாக வந்துசேரும். தனி ஒப்பந்ததாரருக்கோ இவற்றில் ஏறத்தாழ எதுவும் கிடையாது. ஊழியருக்கான சமூகப் பாதுகாப்பு வரிகளாக ஊதியத்தில் 7.65 விழுக்காட்டை முதலாளி கட்டுகிறார். ஒப்பந்ததாரர் இரு தரப்புப் பங்கையும் சேர்த்து 15.3 விழுக்காட்டைத் தாமே கட்ட வேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. தனி ஒப்பந்ததாரர்கள் ஒன்றுகூடி, இந்தக் கட்டணத்துக்குக் குறைந்து ஓட்டமாட்டோம் என்று முடிவெடுத்தால், போட்டிச் சட்டம் அவர்களைக் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றும் வணிகர்களாகக் கருத இடமிருக்கிறது. அதே கட்டணத்தை எல்லா ஓட்டுநர்களுக்கும் சேர்த்து நிறுவனம் நிர்ணயித்தால் அது வழக்கமான வணிகம் எனப்படுகிறது.

ஒருவர் ஊழியரா என்பதை அறிய நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது, அவருடைய வேலையைக் கட்டுப்படுத்துபவர் யார் என்பதைத்தான். ஆலைக்கு இந்தக் கேள்வி பொருந்தியது; மேற்பார்வையாளர் இருந்தார், வருகைப் பதிவேடு இருந்தது, வேலை நேரம் இருந்தது. செயலியில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓட்டுநர் விரும்பியபோது உள்நுழைகிறார், விரும்பியபோது வெளியேறுகிறார். அதேவேளை கட்டணம், பயணியின் ஒதுக்கீடு, நட்சத்திர மதிப்பீடு, கணக்கை முடக்கும் அதிகாரம் அனைத்தும் நிறுவனத்திடம் இருக்கின்றன. லிஃப்ட் என்ற சவாரிச் செயலி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2015இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிபதி வின்ஸ் சாப்ரியா, இந்த வழக்கில் நடுவர் குழுவின் கையில் சதுரக் கட்டையைக் கொடுத்து இரண்டு வட்டத் துளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப்போகிறோம் என்ற பொருளில் எழுதினார். ஓட்டுநர் இரு வகையிலும் சரியாகப் பொருந்தாத அந்தச் சங்கடம் பத்தாண்டு கழித்தும் தீர்ந்துவிடவில்லை.

[திரையில்: அ, ஆ, இ என்ற மூன்று கட்டங்கள்.]

கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில், டைனமெக்ஸ் என்ற பொதி விநியோக நிறுவனத்தின் வழக்கில், நிரூபிக்கும் சுமையைத் திருப்பிவைத்தது. வேலை செய்பவரை முதலில் ஊழியர் என்றே கொள்ள வேண்டும். அவர் ஊழியர் அல்லர் என்று சொல்ல விரும்பும் நிறுவனம் மூன்று நிபந்தனைகளையும் நிரூபிக்க வேண்டும். அவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டவராக இருக்க வேண்டும். அவர் செய்யும் வேலை நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும். அதே வேலையில் அவருக்கென்று தனியாக ஒரு தொழில் நடந்துகொண்டிருக்க வேண்டும். இவற்றுள் இரண்டாவதுதான் செயலி நிறுவனங்களைத் திணறச் செய்தது. தாங்கள் போக்குவரத்து நிறுவனம் அல்ல, ஓட்டுநரையும் பயணியையும் இணைக்கும் தொழில்நுட்ப நிறுவனம் என்பதே அவற்றின் பதில். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே, பார்சிலோனாவின் டாக்சி ஓட்டுநர் சங்கம் தொடுத்த வழக்கில், ஊபர் நடத்துவது போக்குவரத்துச் சேவைதான் என்று தீர்ப்பளித்திருந்தது. சவாரிக் கட்டணத்தில் பங்கெடுத்து, அந்தக் கட்டணத்தையும் தானே நிர்ணயிக்கும் நிறுவனம் சவாரி தன் தொழில் அல்ல என்று சொல்வதை ஏற்பது எனக்கும் கடினமாகவே இருக்கிறது.

டைனமெக்ஸ் தீர்ப்பின் மூன்று நிபந்தனைகளை கலிஃபோர்னியா 2019 செப்டம்பரில் ஏபி 5 என்ற சட்டமாக்கி, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. குறிபார்த்தது செயலி நிறுவனங்களை. அடி விழுந்ததோ வேறு பலர் மீதும். ஒரு வெளியீட்டுக்கு ஆண்டுக்கு 35 கட்டுரைகளுக்கு மேல் எழுதும் தனி எழுத்தாளரை ஒப்பந்ததாரராக வைத்துக்கொள்ள முடியாது என்ற விதியால் எழுத்தாளர்களே வேலையிழந்து கொதித்தெழ, 2020 செப்டம்பரில் திருத்தச் சட்டம் கொண்டுவந்து அந்த வரம்பை நீக்கினார்கள். பலவகைத் தொழில்களுக்கு ஒரே அளவுகோலை வைத்தால் இப்படித்தான் நேரும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

செயலி நிறுவனங்கள் சட்டமன்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கவில்லை. வாக்காளர்களிடம் நேராகச் சென்றன. 2020 நவம்பரில் பொதுவாக்கெடுப்புக்கு வந்த 22ஆம் முன்மொழிவுக்காக ஊபர், லிஃப்ட், உணவு விநியோகிக்கும் டோர்டாஷ் உள்ளிட்ட நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டன. அதுவரை அம்மாநிலத்தின் எந்த வாக்கெடுப்பு முன்மொழிவுக்கும் அவ்வளவு செலவானதில்லை. ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் ஆதரிக்க, செயலிவழி ஓட்டுநர்கள் ஒப்பந்ததாரர்களாகவே நிலைபெற்றார்கள். அதை எதிர்த்த வழக்கு கீழ் நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் முன்மொழிவை உறுதிசெய்ததோடு முடிந்தது.

அந்த முன்மொழிவில் ஓட்டுநர்களுக்கு ஒரு வாக்குறுதியும் இருந்தது: அந்தந்தப் பகுதியின் குறைந்தபட்ச ஊதியத்தில் 120 விழுக்காடு. பார்த்தவுடன் தாராளமாகத் தோன்றும். ஆனால் அது சவாரியை ஏற்ற நொடியிலிருந்து பயணியை இறக்கிவிடும் நொடி வரையிலான நேரத்துக்கு மட்டுமே உரியது.

[திரையில்: பத்து மணி நேரப் பட்டை. ஆறு மணி நேரம் பச்சை, நான்கு மணி நேரம் சாம்பல்.]

எளிய ஒரு கணக்குப் போடுவோம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10 டாலர் என்றும், ஓட்டுநர் பத்து மணி நேரம் செயலியில் இருந்து ஆறு மணி நேரம் சவாரியில் கழித்தார் என்றும் கொள்வோம். 120 விழுக்காடு என்பது மணிக்கு 12 டாலர். ஆறு மணிக்கு 72 டாலர். அவர் செலவிட்டதோ பத்து மணி நேரம். ஆகவே மணிக்கு 7.20 டாலர். வாகனச் செலவுக்குத் தனியாக ஒரு மைலுக்குச் சில சென்ட்டுகள் கிடைக்கும், ஆனால் அதுவும் சவாரியோடு ஓடிய மைல்களுக்கே.

பிரிட்டனில் இதே கேள்வி வேறு வழியாகப் போயிற்று. அங்கே ஊழியர், சுயதொழில் செய்பவர் ஆகிய இரண்டுக்கும் நடுவே 'தொழிலாளர்' என்ற மூன்றாவது வகை சட்டத்தில் உண்டு. அந்த வகையினருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் கிடைக்கும், நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு கிடைக்காது. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று, ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் ஊபர் ஓட்டுநர்கள் இந்த நடு வகையைச் சேர்ந்தவர்களே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தோடு நிற்காமல், தமக்கு உரிமம் உள்ள பகுதியில் ஓட்டுநர் செயலிக்குள் நுழைந்து சவாரியை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரமே என்றும் சொன்னது. அடுத்த மாதம் ஊபர் தன் பிரிட்டன் ஓட்டுநர்கள் எழுபதாயிரம் பேரைத் தொழிலாளர்களாக நடத்துவதாக அறிவித்தது. ஆனால் குறைந்தபட்ச ஊதியம் சவாரியை ஏற்றபின்தான் தொடங்கும் என்றது. பெயரை விட்டுக்கொடுத்தது, நிமிடங்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டுநர் சங்கங்கள் உடனே சுட்டிக்காட்டியதும் இதைத்தான்.

அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் உணவு விநியோகிக்கும் டெலிவரூ ஓட்டுநர்களின் வழக்கில், சங்க உரிமை தொடர்பாக, நேர்மாறான முடிவுக்கு வந்தது. தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை அவர்களின் ஒப்பந்தத்தில் இருந்ததும், நடைமுறையிலும் அதற்குத் தடை இல்லாததும் முக்கியக் காரணங்கள். வேலை செய்பவரை நேரில் பார்த்தால் இருவரும் ஏறத்தாழ ஒரே வாழ்க்கை வாழ்பவர்கள். ஒப்பந்தத்தின் ஒரு விதி அவர்களை வெவ்வேறு வகையில் நிறுத்திவிட்டது. வகைப்பாட்டை மட்டும் நம்பும் பாதுகாப்பு எவ்வளவு எளிதில் நழுவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நிறுவனங்களின் தரப்புக்கு வருவோம். காத்திருக்கும் நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டுமென்றால், எத்தனை பேர் எப்போது உள்நுழையலாம் என்பதை நாங்கள் கட்டுப்படுத்த நேரிடும், ஓட்டுநர்கள் விரும்பும் சுதந்திரம் போய்விடும் என்கிறார்கள். இது வெற்று மிரட்டல் அன்று. ஒரு ஓட்டுநர் ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களின் செயலிகளைத் திறந்துவைத்தால் அந்த நேரத்துக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்கும் எளிய விடை இல்லை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பயணி பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் வாகனம் வந்து நிற்கிறது என்றால், யாரோ சிலர் ஊதியமின்றி அருகில் காத்திருந்ததால்தான் அது முடிகிறது. விரைவாக வரும் வாகனம் நிறுவனத்தின் சரக்கு. அதற்கான மூலப்பொருள் ஓட்டுநரின் வெற்று நேரம். அந்த நேரத்துக்கு விலை இல்லாதவரை, தேவைக்கு மேல் ஓட்டுநர்களைச் சேர்த்துக்கொண்டே போவதில் நிறுவனத்துக்கு இழப்பேதும் இல்லை.

[திரையில்: நியூயார்க் நகர வரைபடம்.]

நியூயார்க் நகரம் இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. ஓட்டுநர்களை ஊழியர்களாக்கும் வழக்குக்குள் போகாமல், ஒப்பந்ததாரர்களாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்நகரின் டாக்சி ஆணையம் 2018 டிசம்பரில் ஒரு சூத்திரத்தை விதியாக்கியது. செலவு போக மணிக்கு 17.22 டாலர் என்ற இலக்கை வைத்து, மைலுக்கும் நிமிடத்துக்கும் கணக்கிட்ட தொகையை, ஓட்டுநர்கள் பயணியோடு கழிக்கும் நேரத்தின் விகிதத்தால் வகுத்தார்கள். அந்த விகிதம் அப்போது 58 விழுக்காடு. வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும். ஓட்டுநர்கள் அதிகமாகக் காத்திருக்க நேர்ந்தால் ஒவ்வொரு சவாரிக்கும் நிறுவனம் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். 2024இல் நிறுவனங்கள் இதற்கு ஒரு மறுமொழி கண்டுபிடித்தன: தேவை குறைந்த வேளைகளில் ஓட்டுநர்களைச் செயலிக்கு வெளியே தள்ளிப் பூட்டின. பூட்டப்பட்டவர் காத்திருப்பவராகக் கணக்கில் வரமாட்டார். தெருவில் அதே வண்டியில் அதே பெட்ரோலை எரித்துக்கொண்டு இருப்பார். மறு ஆண்டு ஆணையம் இந்தப் பூட்டுதலைக் கட்டுப்படுத்த விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. நிறுவனங்கள் எச்சரித்தபடியே சுதந்திரம் குறைந்தது உண்மை. அதைக் குறைத்தது ஊழியர் என்ற பெயர் அன்று என்பதும் உண்மை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய செயலிவழிப் பணி நெறிமுறை இரண்டு வழிகளையும் இணைத்துப் பார்க்கிறது. கட்டுப்பாட்டைக் காட்டும் உண்மைகள் இருந்தால் அது வேலை உறவே என்று முதலில் கொள்ள வேண்டும், மறுக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. கணக்கை முடக்குவது போன்ற முடிவுகளை இயந்திரம் மட்டுமே எடுக்கக் கூடாது, மனிதர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தானியங்கி முறைகள் எவ்வாறு வேலையைப் பங்கிடுகின்றன, எதைக் கணக்கில் கொள்கின்றன என்பதை ஓட்டுநர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் இதைத் தம் சட்டங்களில் சேர்க்க வேண்டும். எந்த உண்மைகள் கட்டுப்பாடாகும் என்பதை ஒவ்வொரு நாடும் தானே வரையறுக்கலாம் என்று விட்டிருப்பது அதன் பலவீனமான இடம்.

தகவல் தர வேண்டும் என்ற அந்தப் பகுதிக்குச் செய்திகளில் குறைந்த கவனமே கிடைத்தது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. நியூயார்க்கின் சூத்திரம் சாத்தியமானதற்குக் காரணம், டாக்சி ஆணையம் உரிமம் வழங்கும் அமைப்பு என்பதால் சவாரித் தரவுகளை நிறுவனங்களிடமிருந்து கட்டாயமாகப் பெற முடிந்தது. அந்தத் தரவுகளை வைத்தே ஜேம்ஸ் பேரட், மைக்கேல் ரைக் என்ற இரு பொருளியலாளர்கள் 2018இல் ஓட்டுநர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் ஆணையம் உத்தேசித்த ஊதிய அளவுக்குக் கீழே ஈட்டுகிறார்கள் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படியொரு பதிவேடு அரசின் கையில் இல்லாத நகரங்களில், சாம்பல் புள்ளிகள் எத்தனை, அவை எவ்வளவு நேரம் சாம்பலாக இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் நிறுவனங்கள் மட்டுமே.