ஆளுநர் மாறினார், கதிரை மாறவில்லை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் புதிய அரசாங்கம் வரும்போதெல்லாம், வடக்கின் தலைவர்கள் அதனோடு ஒத்துழைக்க வேண்டுமா என்று பட்டிமன்றம் வைக்கிறோம். 2015 இல் ஒருமுறை ஒத்துழைத்துப் பார்த்தோமே, அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. ஓய்வுபெற்ற நீதியரசர் விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். ஆளுநரோ ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி சந்திரசிறி. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது பத்திரிகை வாசித்த எல்லோருக்கும் தெரியும்.

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கு மக்கள் திரண்டுபோய் மைத்திரிபாலவுக்கு வாக்களித்தார்கள். அந்த மாதமே சந்திரசிறியின் இடத்துக்கு இராஜதந்திரி பளிஹக்கார வந்தார். வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த 1,000 ஏக்கர் காணியை விடுவிக்க அமைச்சரவையும் இணங்கியது. நல்ல தொடக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெப்ரவரி 10 ஆம் திகதி தமிழருக்கு நடந்தது இனப்படுகொலை என்ற தீர்மானத்தை மாகாண சபை நிறைவேற்றியது. பிரதமர் ரணிலுக்கும் முதலமைச்சருக்கும் இடையில் உறவு கசந்தது.

சரி, அந்தத் தீர்மானம்தான் எல்லாவற்றையும் கெடுத்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. பணம் சம்பந்தப்பட்ட நியதிச்சட்டமா, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டமா, ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபைக்குள் கொண்டுவரவே முடியாது. போரால் நொந்தவர்களுக்கு உதவ முதலமைச்சர் நிதியம் ஒன்று வேண்டும் என்று விக்னேஸ்வரன் சந்திரசிறி காலத்திலும் கேட்டார், ஆட்சி மாறிய பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நல்ல மனிதர் ஆளுநராக வந்தால் வேலை கொஞ்சம் ஓடும், அவ்வளவுதான்.

நம் பக்கக் கதையையும் சொல்லத்தானே வேண்டும்? வவுனியாவுக்குப் பொருளாதார மத்திய நிலையம் தர மத்திய அரசு முன்வந்தது. விவசாயி மரக்கறியை நேரே கொண்டுவந்து மொத்தமாக விற்கும் சந்தை. அது ஓமந்தையிலா, தாண்டிக்குளத்திலா? 2016 இல் மாதக்கணக்கில் இழுபட்டோம். இதற்கும் கொழும்பையே குறை சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2024 இல் புதிய ஜனாதிபதி வந்தபோது வடக்கில் முதலமைச்சரும் இல்லை, சபையும் இல்லை; ஆளுநர் மட்டும் இருந்தார். கொழும்போடு கைகுலுக்கப் போகிறவர்கள் முதலில் மாகாண சபைத் தேர்தலைக் கேளுங்கள். அப்புறம் அந்த நிதிச் சிபாரிசுப் பிரிவைத் திருத்தச் சொல்லுங்கள். படம் எடுப்பதைப் பிறகு பார்க்கலாம்.