குதிரை ஏறி நிற்கும் பழைய ரைபிளை உறையில் போடலாமா? அப்பாருடைய வின்செஸ்டர் 1894

[காட்சி: தேக்குப் பெட்டி. மூடி மெல்லத் திறக்கிறது. உள்ளே எண்ணெய் மினுக்கும் ஒரு நீளத் துப்பாக்கி.]

இந்தத் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அடியில் வளையம்போல் இருக்கும் கைப்பிடியை, அதாவது லீவரை, கீழே இழுத்துத் திறக்க வேண்டும். திறந்தால் காலியா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் திறந்த அதே நொடியில் துப்பாக்கி சுடுவதற்கு ஆயத்தமாகிவிடும். லீவரை மூடிய பிறகும் அந்த ஆயத்தநிலை மாறாது. காலி என்று உறுதி செய்யும் செயலே துப்பாக்கியை முறுக்கேற்றி வைக்கிறது. அப்படியென்றால் பெட்டிக்குள் பத்து வருடம் அமைதியாக வைப்பது எப்படி? பதில் உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. முழுவதும் பாருங்கள், நடுவில் தாண்டிவிடாதீர்கள். இந்த விஷயத்தில் வரிசை தவறினால் பாதி தெரிந்திருப்பதும் ஆபத்துதான்.

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து பேசுகிறேன். இது என் அப்பாரு, அதாவது தாத்தா, வைத்திருந்த ரைபிள். அவர் காலத்துக்குப் பிறகு முறைப்படி உரிமம் மாற்றி இப்போது என் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். துப்பாக்கியைத் தொடப்போவதும் அவர்தான், நான் இல்லை.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது, வின்செஸ்டர் நிறுவனம் 1894-இல் கொண்டுவந்தது, எழுபது லட்சத்துக்கும் மேல் விற்றது. போதும். நமக்கு வேண்டியது அதன் பின்பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன இரும்புத் துண்டு.

[காட்சி: துப்பாக்கியின் பின்பகுதி, மிக அருகில்.]

பாருங்கள், தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்டுக்குப் பின்னால் வால் தூக்கி நிற்கிறதே, இதற்கு என்ன பெயர்? 'ஹேம்மர்' என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அப்பாரு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு இது குதிரை. "குதிரை ஏறியிருக்குதா, இறங்கியிருக்குதா?" என்றுதான் கேட்பார். இது அவர் கற்பனையாகச் சொன்ன பெயர் இல்லை. துப்பாக்கியின் உறுப்பு என்ற பொருள் குதிரை என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதியிலேயே உண்டு. இந்திக்காரர்களும் 'கோடா', அதாவது குதிரை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பெயரின் மேல் தனிப் பாசம். அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை பார்த்தவர்களுக்குப் புரியும். கயிற்றைப் பிடித்திருப்பவன் கவனம் ஒரு கணம் தப்பினாலும் குதிரை தன் போக்கில் பாய்ந்துவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். லீவரைத் திறக்கும்போது போல்ட் பின்னால் வந்து குதிரையைச் சாய்த்துத் தள்ளுகிறது. அடியில் உள்ள பட்டை ஸ்பிரிங் வளைகிறது. குதிரையின் காலில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் ஒரு கொக்கி மாட்டிக்கொள்கிறது. விசையை, அதாவது ட்ரிகரை, இழுத்தால் கொக்கி விலகும், குதிரை பாய்ந்து ஊசியை அடிக்கும், ஊசி தோட்டாவின் அடியைக் குத்தும். நாம் செய்ய வேண்டியது அந்தப் பாய்ச்சலை நடையாக மாற்றுவது.

இங்கே எனக்கு மாட்டுவண்டிதான் நினைவுக்கு வருகிறது. பின்பாரம் ஏறிய வண்டியிலிருந்து காளைகளை அவிழ்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? காளையின் கழுத்தை விட்டதும் நுகத்தடி விர்ரென்று மேலே கிளம்பப் பார்க்கும். அதனால் விவரம் தெரிந்தவர் பூட்டாங்கயிற்றில் கை வைப்பதற்கு முன்பே நுகத்தடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பிடித்த பிறகுதான் கயிறு அவிழும். அதற்கப்புறம் நுகத்தடி அவர் கையோடு சேர்ந்து மெல்ல மேலே போகும். கயிற்றை முதலில் அவிழ்த்துவிட்டுப் பிறகு நுகத்தைப் பிடிக்கப் போனால் தாடை பெயர்ந்துவிடும். துப்பாக்கியில் விசைதான் பூட்டாங்கயிறு. குதிரைதான் நுகத்தடி. கட்டைவிரல் குதிரையின் மேல் இறுக உட்கார்ந்த பிறகே ஆள்காட்டிவிரல் விசைக்குப் போக வேண்டும். காங்கேயம் காளை பூட்டத் தெரிந்த யாருக்கும் இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை.

[காட்சி: தோட்டத்து வரப்பு ஓரம், இரண்டு மணல் மூட்டைகள்.]

இப்போது அப்பா செய்து காட்டுகிறார். தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. குழல் மணல் மூட்டையைப் பார்த்திருக்கிறது, கடைசிவரை அங்கேயேதான் இருக்கும். லீவரை முழுதாகத் திறந்து மூடுகிறார். மறுபடியும் அப்படியே. எதுவும் வெளியே விழவில்லை. காலி என்று இப்போது சொல்லலாமா? கூடாது!

இந்த ரைபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஓடும் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்குக்கும் துப்பாக்கியின் வயதே. குழாயில் சின்ன நெளிவு இருந்தாலோ துரு பிடித்திருந்தாலோ ஒரு தோட்டா நடுவழியில் நின்றுவிடும். லீவரை இருபது முறை அடித்தாலும் வராது. ஒருநாள் பெட்டியை நகர்த்தும் அதிர்ச்சியில் நழுவி வாய்க்கு வந்து நிற்கும். அதனால் லீவரைத் திறந்தபடி வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோட்டா அறை வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். குழாயின் வாயில் தோட்டாவைத் தள்ளும் மூடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது தெரியவில்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது நீக்குபவரிடம் கொண்டு போய்விடுங்கள். குச்சியை விட்டுக் குத்தாதீர்கள்.

[அருகே: அப்பாவின் வலது கை.]

காலி என்று உறுதியாயிற்று. லீவர் மூடியாயிற்று, குதிரை ஏறி நிற்கிறது. எண்ணெய் இல்லாமல் துடைத்த கட்டைவிரல் குதிரையின் வாலை முழுதாகப் பிடிக்கிறது. இந்த 1894 ரைபிளில் லீவரைப் பிடியோடு சேர்த்து இறுக்கினால்தான் விசை நகரும், அது பிரௌனிங் வைத்த காவல். குதிரையைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பாரத்தை விரலில் வாங்கிக்கொண்டு, விசையை அழுத்தி, மெல்ல மெல்ல முன்னால் விடுகிறார். சத்தம் வரக் கூடாது. வந்தால் விரல் நழுவியிருக்கிறது என்று பொருள். அப்பாரு இன்னொரு காவலும் வைப்பார். இடது கைக் கட்டைவிரலைக் குதிரைக்கும் போல்டுக்கும் நடுவில் கொடுத்துக்கொள்வார். நழுவினால் விரல் நசுங்கும், ஊசிக்கு அடி விழாது. அவருடைய இடது நகத்தில் கறுப்புக் கோடு ஒன்று எப்போதும் இருந்தது.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பிய இடம். குதிரையின் காலில் இன்னொரு பள்ளமும் உண்டு, அது பாதி நிலை. குதிரை கொஞ்சம் முன்னால் வந்ததும் விசையை விட்டுவிட்டால் பாதியிலேயே மாட்டி நின்றுவிடும். பலரும் பெட்டியில் வைப்பதற்கு அதுதான் சரியான நிலை என்று நம்புகிறார்கள். என் தீர்ப்பு வேறு. பாதி நிலை தோட்டா உள்ளே இருக்கும்போது எடுத்துச் செல்வதற்காக வந்தது. அப்போது குதிரை முழுதும் இறங்கியிருந்தால் ஊசியின் மேல் சாய்ந்து நிற்கும், கீழே விழுந்தால் வெடித்துவிடலாம். காலித் துப்பாக்கியில் அந்தக் கவலைக்கு இடமே இல்லை. நீண்ட நாள் வைப்புக்குக் குதிரை முழுதும் இறங்கித்தான் இருக்க வேண்டும். தேய்ந்துபோன பழைய பள்ளத்தை நம்பி ஒரு சுமையை ஏன் பத்து வருடம் தொங்கவிட வேண்டும்?

வெறும் துப்பாக்கிதானே, விசையை இழுத்து டக்கென்று அடித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நூறு வயது ஊசி அது. முறிந்தால் கோயம்புத்தூரில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? 1899-இல் வந்த சாவேஜ் போன்ற ரைபிள்களில் இப்படி வெளியே நிற்கும் குதிரையே கிடையாது, உள்ளே ஒளிந்திருக்கும் ஊசியே ஸ்பிரிங்கால் பாயும். அவற்றுக்குக் கட்டைவிரல் வித்தை பலிக்காது. மருந்தில்லாத போலித் தோட்டாவைப் போட்டு விசையை இழுப்பதே மரியாதை.

'ஏறியே நின்றால் ஸ்பிரிங் செத்துவிடும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல எஃகு அவ்வளவு எளிதில் சாகாது. நான் குதிரையை இறக்கச் சொல்வது ஸ்பிரிங்குக்காக இல்லை, பத்து வருடம் கழித்துப் பெட்டியைத் திறக்கப்போகிற பிள்ளைக்காக.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு, வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளானால் காறிப் பிசுபிசுக்கும், அந்தப் பிசுபிசுப்பு பள்ளத்தில் சேர்ந்தால் கொக்கி சரியாக மாட்டாது. துப்பாக்கி எண்ணெயை மெல்லிய துணியால் தடவுங்கள். ஈரம் குடிக்கும் தோல் உறைக்குள் நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள்.

[காட்சி: அப்பா துப்பாக்கியைத் துணியில் சுற்றுகிறார்.]

நம் ஊரில் நீண்ட நாள் வைப்பு என்றால் பெரும்பாலும் தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதுதான். 2024-இல் மார்ச் 16 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது, ஜூன் 4 அன்று வாக்கு எண்ணினார்கள். அத்தனை நாளும் எங்கள் ரைபிள் காவல் நிலையத்தில் இருந்தது. ஒப்படைப்பதற்கு முன் அப்பா அங்கே குதிரையை இறக்க ஆரம்பிக்கவில்லை. வீட்டிலேயே இறக்கி முடித்துத்தான் எடுத்துப் போனார். மேசையில் வைத்ததும் காவலர் லீவரைத் திறந்து பார்த்தார். குதிரை மறுபடியும் ஏறிக்கொண்டது. அவர் அப்படியே நீட்ட, அப்பா கேட்டு வாங்கி, சுவர்ப் பக்கம் திருப்பி, இன்னொரு முறை உள்ளே பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறக்கிக் கொடுத்தார். காவலர் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். காட்டினார்.

உங்கள் ஊரில் இந்த உறுப்பை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள்? அவினாசிப் பக்கமும் தாராபுரம் பக்கமும் வேறு சொல் இருந்தால் கீழே எழுதுங்கள், நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உரிம எண்ணையோ வீட்டு விலாசத்தையோ மட்டும் எழுதிவிடாதீர்கள்.