ஊர் விரும்பிக் கேட்கிற பாட்டு எது? 400 பேரிடம் கேட்டுக் கண்டுபிடிக்கும் முறை

(காட்சி: அடுப்பில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். அகப்பை மேலால் மட்டும் அள்ளுகிறது.)

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒடியல் கூழுக்கு அது சரிவராது. நண்டும் இறாலும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் அடியில் கிடக்கும். மேலால் பத்து அகப்பை அள்ளினாலும் புளியும் மாவும்தான் வரும். அடிவரை துழாவிவிட்டால் ஒரு அகப்பையே போதும், சட்டியானாலும் அண்டாவானாலும்.

கருத்துக்கணிப்பும் இந்தத் துழாவலில்தான் நிற்கிறது. ‘உலகமே கொண்டாடும் பாட்டு’, ‘மக்களில் 70 வீதமானோர் எதிர்ப்பு’ என்று செய்தி வந்தால் எத்தனை பேர் என்று பார்க்க முன், யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் சீட்டு அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற அல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது கணக்கு. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலும் கார்ப் பதிவுகளிலும் எடுத்தவை. பொருளாதாரம் விழுந்து கிடந்த காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். சீட்டை நிரப்பி அனுப்ப மினக்கெட்டவர்களிலும் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்களே அதிகம். அதைவிட மிகச் சிறிய தொகையினரைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார்.

பாட்டுப் பட்டியல்களிலும் இதே கதைதான். 1991 வரை அமெரிக்க இசைச் சஞ்சிகையான பில்போர்ட் இசைத்தட்டுக் கடைகளிடம் ‘எது நன்றாக விற்கிறது’ என்று கேட்டே வரிசை போட்டது. அந்த ஆண்டு பார்கோடு விற்பனைக் கணக்குக்கு மாறியதும் கன்ட்ரி, ராப் அல்பங்கள் சட்டென்று மேலே வந்தன. சனம் முன்பும் அவற்றை வாங்கிக்கொண்டுதான் இருந்தது; கடைக்காரரின் வாயில்தான் வரவில்லை.

இன்றைக்கு யூடியூப் வியூஸ்தான் கணக்கு. ஒருவர் நூறு முறை பார்த்தால் நூறு பேர் ஆகிவிடமாட்டார். விளம்பரக் காசு கொடுத்து ஓட்டிய பார்வைகளைத் தன் இசைத் தரவரிசையில் சேர்ப்பதை யூடியூப் 2019இல்தான் நிறுத்தியது. யாழ்ப்பாணப் பாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: கேட்பவர்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச்சிலும் இருக்கிறார்கள். அவர்களும் நம்மவர்கள்தான். ஆனால் உங்கள் கேள்வி யாழ் மாவட்டத்தில் வசிப்பவர்களைப் பற்றியதா, யாழ்ப்பாணத்தவர் எல்லோரையும் பற்றியதா? இதை முதலே எழுதி வையுங்கள். பேஸ்புக் வாக்கெடுப்பில் இரண்டும் கலந்துவிடும், பிரித்தெடுக்க முடியாது.

(காட்சி: யாழ் மாவட்ட வரைபடம்)

சரி, யாழ் மாவட்டத்தில் வசிப்பவர்கள் என்றே வைப்போம். இங்கே 435 கிராம அலுவலர் பிரிவுகள். பட்டியலை எடுத்து, 1 முதல் 11 வரை சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு பதினோராவது பிரிவையும் குறியுங்கள். 40 பிரிவு அளவில் வரும். பிரிவுக்குப் பத்து வீடு, மொத்தம் 400 பேர். சனத்தொகை கூடிய பிரிவுக்குக் கூடிய வாய்ப்புக் கொடுப்பது இன்னும் சரியானது. முதல் முயற்சிக்கு இது போதும். நெடுந்தீவு விழுந்தால் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு ஏறத்தான் வேண்டும். கடல் கொந்தளிக்கிறது என்று அதற்குப் பதிலாக நல்லூரில் பத்துப் பேரைச் சேர்த்தால் நண்டை அடியிலேயே விட்டுவிட்டீர்கள்.

பஸ் நிலையத்தில் நின்று கேட்பது சுகம்தான்; ஆனால் அன்றைக்குப் பயணம் செய்தவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். வீட்டுக்குப் போனாலும் நேரம் முக்கியம். காலை பத்து மணிக்குப் போனால் முதியவர்களும் வீட்டு வேலையில் இருப்பவர்களும்தான். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு ஒரு முறை, ஞாயிறு ஒரு முறை. இரவில் கடலுக்குப் போகும் ஊர்களில் அதையும் மாற்றவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் கேட்காதீர்கள். அப்போது காதில் நாதஸ்வரம்தான் நிற்கும்.

படலையைத் திறந்தவரையே கேட்டுவிடாதீர்கள். வீட்டில் 18 வயது தாண்டியவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டு, அவரிடம் மட்டும் கேளுங்கள். முடிந்தால் தனியாக. விறாந்தையில் ஐயா, பின்னால் இயர்போனோடு மகள். ஐயா முந்திக்கொண்டு “எங்கட வீட்டில எல்லாரும் பக்திப் பாட்டுத்தான்” என்றால் மகளும் தலையாட்டுவாள். அந்தப் பதில் செல்லாது.

கேள்வியின் சொற்களில்தான் கணிப்புகள் அதிகம் கெடுகின்றன. “இப்ப வாற பாட்டில கருத்தே இல்லை, பழைய பாட்டுத்தான் நல்லம் எண்டு நினைக்கிறீங்களோ?” என்பது கேள்வியே அல்ல, பதிலை வாயில் ஊட்டிவிடுவது. “நேற்று நீங்களாப் போட்டுக் கேட்ட பாட்டு என்ன?” என்று கேளுங்கள். ‘நீங்களாக’ என்பது கட்டாயம். பஸ்காரரும் ஒலிபெருக்கியும் போட்டது அவருடைய விருப்பம் ஆகாது.

உலகச் செய்தி பற்றிக் கேட்டால் ‘தெரியாது’ என்பதையும் ஒரு விடையாக வாசித்துக் காட்டுங்கள். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ‘1975 பொது அலுவல்கள் சட்டம்’ என்று இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டபோது மூன்றில் ஒரு பங்கு அளவினர் கருத்துச் சொல்லிவிட்டார்கள். பொதுக் கேள்வி முன்னால், குறிப்பான கேள்வி பின்னால். போரைப் பற்றிக் கேட்டுவிட்டு ‘உலகம் எப்படிப் போகிறது’ என்றால் நல்ல பதில் வராது.

பிழை எல்லைக்கு, அதாவது உங்கள் முடிவு உண்மையிலிருந்து எவ்வளவு கூடக் குறைய விலகலாம் என்பதற்கு, ஒரு கைக்கணக்கு: 1ஐ ஆட்களின் தொகையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 400இன் வர்க்கமூலம் 20. ஒன்றின் கீழ் இருபது, ஐந்து வீதம். பாதியாக்க 1,600 பேர் வேண்டும். பக்கத்து வீட்டாரின் ரசனை ஒத்துப்போவதால் நமது முறையில் பிழை இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே பழைய பாட்டு 46, புதிய பாட்டு 42 என்று வந்தால் வென்றது எது என்று சொல்ல முடியாது.

முடிவை வெளியிடும்போது நாள், கேட்ட சொற்கள், மறுத்தவர் தொகை, இரண்டு முறை போயும் பூட்டியிருந்த வீடுகளின் தொகை எல்லாவற்றையும் போடுங்கள். பூட்டிய வீட்டில் இரண்டு வகை உண்டு: வேலைக்குப் போனவர்களின் வீடு, குடும்பத்தோடு வெளிநாடு போனவர்களின் வளவு. முதலாவதற்குத் திரும்பப் போகவேண்டும். இரண்டாவது கணக்கிலேயே வராது. எது எது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.