மூன்று நரிகளும் ஒரு ஓநாயும்

நேயர்களுக்கு வணக்கம். பொழுது சாய்ந்ததும் வயல்பக்கம் ஒரு நரி ஊளையிடும், அடுத்த நிமிடம் நாலு திசையிலிருந்தும் பதில் வரும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்தக் குரல் பொன்னிற நரியுடையது. கோடியக்கரையில் திரிவதும் அதுதான், இலங்கையில் இருப்பதும் அதுதான். ஆப்பிரிக்காவில் இன்னும் இரண்டு நரிகள் உண்டு: கருமுதுகு நரி, பக்கவரி நரி. மூன்றுமே பத்துக் கிலோவுக்கு முன்னே பின்னே.

எப்படிப் பிரித்தறிவது? முதலில் முதுகு. கறுப்பும் வெள்ளியும் கலந்த மயிர், விலாவின் செம்பழுப்போடு கலக்காமல் வெட்டிவிட்டாற்போல் நின்றால் கருமுதுகு. நம் நரிக்கும் முதுகில் கறுப்பு மயிர் உண்டு, ஆனால் ஓரம் கரைந்துபோகும். அடுத்து வால் நுனி. வெள்ளை என்றால் பெரும்பாலும் பக்கவரி. மற்ற இரண்டுக்கும் கறுப்பு. பெயரில் வரி இருக்கிறதே என்று விலாவைத் தேடாதீர்கள், பல நரிகளில் அது மங்கிக் கிடக்கும். வாலைப் பாருங்கள், வாலை.

பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் வம்சம் வேறு. நம் நரி ஓநாய்க்கும் நாய்க்கும் பங்காளி. ஆப்பிரிக்க நரிகள் இரண்டும் அதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்த கிளை. அதாவது, உங்கள் தெருநாய்க்கு நம்மூர் நரி எவ்வளவு நெருக்கமோ, கருமுதுகு நரி அவ்வளவு நெருக்கமில்லை. இன்னொரு சங்கதி: ஆப்பிரிக்காவில் பொன்னிற நரி என்று சொல்லிவந்தது உண்மையில் தனி ஓநாய் இனம் என்று 2015-இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆகவே பழைய நூலில் ‘செரெங்கெட்டியின் பொன்னிற நரி’ என்று (செரெங்கெட்டி தான்சானியாவின் பெரிய புல்வெளி) இருந்தால், அதை அந்த ஓநாயின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நரி என்றாலே தந்திரம் என்கிறோம். அதன் குடும்பப் பொறுப்பைப் பேசுவதில்லை. கருமுதுகு நரிகள் ஜோடியாக வாழும். போன ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு, இனப்பெருக்க வயது வந்தும், வீட்டை விட்டுப் போகாது. தாய் வளையில் பால் கொடுக்கும்போது இந்த மூத்த குட்டிகள் தாய்க்கு இரை கொண்டுவந்து கக்கும். தம்பி தங்கைகளுக்கும் அப்படியே. பெற்றோர் வேட்டைக்குப் போனால் வளைவாயிலில் காவல் நிற்கும். கழுதைப்புலி வந்தால் குரைத்து, பின்னங்காலைக் கடித்து விரட்டும். விலங்கியல் ஆய்வாளர் பட்ரீசியா மோல்மன் செரெங்கெட்டியில் இதைக் கணக்கெடுத்து 1979-இல் வெளியிட்டார். இப்படி வீட்டோடு தங்கும் ஒவ்வோர் உதவியாளுக்கும் சராசரியாக ஒன்றரைக் குட்டி கூடுதலாகப் பிழைத்தது. ஒன்றரைக் குட்டி! உடன்பிறந்தவர்களும் தன் ரத்தம்தானே. தானே ஈன்றாலும் முதல் வருடம் அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம்.

நடுவில் ஒரு வார்த்தை: நரிக்கொம்பு என்று விற்கிறார்களே, வாங்காதீர்கள். எந்த நரியின் மண்டையிலும் கொம்பு முளைக்காது. அதற்காக நரியைக் கொல்வதும் குற்றம்.

மணியைக் காட்டுகிறார்கள். பக்கவரி நரிக்கு விரிவாக நேரம் வைத்திருந்தேன்; சுருக்கிச் சொல்கிறேன். ஈரமான மரக்காடு, புதர், பண்ணையோரம் அதன் இடம். கருமுதுகு நரி மான்குட்டியைத் துரத்தும். நமீபியக் கரையில் கடல்நாய்க் குட்டிகளையும் தூக்கும். பக்கவரிக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. பழம், பூச்சி, எலி, செத்தது, எது கிடைத்தாலும் சரி. ஊளைக்குப் பதில் ஆந்தை போல் கூவும். மீதி இன்னொரு நாள். வணக்கம்.