குதித்த பிறகுதான் போர்

அவையோருக்கு வணக்கம். பாராசூட் படை என்றதும் விமானக் கதவோரம் நிற்கும் வீரன்தான் நம் நினைவுக்கு வருவான். அவன் தரையில் கால் ஊன்றிய பிறகு என்ன ஆகிறான்? டாங்கி கிடையாது, பெரிய பீரங்கி கிடையாது. சுமந்து வந்த தோட்டாவும் சாப்பாடும்தான். தரைவழியே சொந்தப் படை வந்து சேரும்வரை அவன் தாக்குப்பிடிக்க வேண்டும்.

1941 மே 20. கிரீட் தீவில் ஜெர்மானியர்கள் வானிலிருந்து இறங்கினார்கள். அவர்களுடைய பாராசூட்டின் வார்கள் முதுகுப்பக்கம் ஒரே இடத்தில் இணைந்திருக்கும். காற்றில் திசை திருப்ப வழியில்லை. தரையில் கையும் முழங்காலும் மோத விழ வேண்டும். பெரும்பாலோரிடம் கைத்துப்பாக்கியும் கையெறி குண்டும்தான் இருந்தன. ரைபிள்கள் தனிப் பெட்டிகளில் வேறெங்கோ இறங்கின. பெட்டியைத் தேடி ஓடியவர்களைத் தீவைக் காத்து நின்ற நியூசிலாந்து வீரர்கள் சுட்டுத் தள்ளினார்கள். மாலெமே விமானத்தளத்துக்குக் கிழக்கே விழுந்த ஒரு பட்டாலியனில் சுமார் 600 பேரில் 400 பேர் முதல் நாளே செத்தார்கள். தீவு என்னவோ ஜெர்மனிக்குத்தான் கிடைத்தது. ஆனால் ஹிட்லர் இனிப் பெரிய அளவில் பாராசூட் படையெடுப்பே வேண்டாம் என்று முடிவு கட்டினார். வேடிக்கை என்னவென்றால், அதே போரைப் பார்த்து நேச நாடுகள் தங்கள் பாராசூட் படைகளைப் பெருக்கின!

அப்புறம் ஆர்னெம். 1944 செப்டம்பர் 17, நெதர்லாந்து. ரைன் நதிப் பாலத்தைப் பிடிப்பது பிரிட்டிஷ் முதல் வான்வழி டிவிஷனின் வேலை. விமான எதிர்ப்புப் பீரங்கிக்குப் பயந்து அவர்களைப் பாலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இறக்கினார்கள். அங்கேயே பாதிக் காரியம் கெட்டது என்பேன். விமானம் போதாமல் மூன்று நாள் தவணையில் இறக்கியது மீதியைக் கெடுத்தது. ஜான் ஃபிராஸ்ட் தலைமையில் ஏறக்குறைய 740 பேர் மட்டும் பாலத்தின் வடமுனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உதவிக்கு வரவேண்டிய டாங்கிகள் ஒற்றைச் சாலையில் திணறிக்கொண்டிருந்தன. நான்காம் நாள் ஃபிராஸ்டுக்கே காயம். நிலவறை நிறையக் காயம்பட்டவர்கள். மேலே வீடு எரிகிறது. சண்டையைச் சற்று நிறுத்தி, அவர்களை எதிரியிடமே ஒப்படைத்தார்கள். வேறு வழி? மறுநாள் காலையில் எல்லாம் முடிந்தது. ஆர்னெமுக்குப் போன சுமார் 10,000 பேரில் நதியைக் கடந்து திரும்பியவர்கள் 2,400 பேர் இருக்கலாம்.

சரி, இது சரியாக அமைந்த இடம் உண்டா? உண்டு. 1971 டிசம்பர் 11 மாலை, நம் இரண்டாவது பாராசூட் பட்டாலியன் இன்றைய வங்கதேசத்தின் டாங்கைல் அருகே குதித்தது. மைமன்சிங்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தான் படையை மறிக்க பூங்லி பாலத்தைப் பிடித்தது. இங்கேயும் சில பாராசூட்டுகள் தள்ளிப்போய் விழாமல் இல்லை. ஆனால் ஊர் மக்களே ஓடிவந்து சாமான்களைச் சுமந்தார்கள். வடக்கிலிருந்து மராத்தா காலாட்படை சீக்கிரமே வந்து கைகோத்துக்கொண்டது. டிசம்பர் 16 காலையில் டாக்காவின் வாசலான மீர்பூர் பாலத்தில் நின்றது இதே பட்டாலியன்தான்.