பட்டம் முடித்த பிள்ளைக்கு விருந்து வைக்கும் வீட்டாருக்கு

சபையோருக்கு வணக்கம்.

பட்டமளிப்பு நாளன்றே வீட்டில் விருந்தும் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக் காலை அமர்வுக்கு நிற்பதென்றால் விடியமுன்னமே வான் புறப்பட வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பீடங்களில் விவசாயமோ பொறியியலோ படித்த பிள்ளையும் பட்டம் வாங்க அங்கேதான் போகிறது. மண்டபத்துக்குள் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கே இடம். கூடப் போன சொந்தமெல்லாம் வெளியே வெயிலில் நிற்கும். திரும்பி வரும்போது எல்லாருக்கும் களைப்பு. அந்த நேரத்தில் வீட்டில் நூறு பேர் பசியோடு இருந்தால் யாருக்குச் சந்தோசம்? அன்றைக்குப் படமும் பயணமும் போதும். விருந்தை அடுத்த ஞாயிறோ, பிறகு வசதியான ஒரு நாளிலோ வையுங்கள்.

அங்கியை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று வாங்கும்போதே கேளுங்கள். பயணம் செய்ய முடியாத அம்மம்மாவோடு வீட்டில் ஒரு படம் எடுக்கலாமா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது.

நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு வயலையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்துப் பந்தல் மழைக்கு நிற்காது. காலபோக (மாரிகால) நெல் வெட்டு முடிந்த மாசி, பங்குனியில் கையில் காசும் இருக்கும், சனமும் ஓய்வாக இருக்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் பாக்குத்தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு முடிந்துவிட்டால் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. அப்போது ஆட்டிறைச்சி போட்டால் பாதிப் பேர் மோரும் சோறும் தின்றுவிட்டுப் போவார்கள்.

இனிச் சோறு. விருந்து கெடுவது பெரும்பாலும் இதில்தான். நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி. இளந்தாரிமார் கூட என்றால் பதினைந்து. அதை ஒரே கிடாரத்தில் போடாதீர்கள். அடியில் உள்ளது குழைந்து போகும்போது மேலே உள்ளது நறுக்கரிசியாக நிற்கும், வடிக்கத் தூக்கவும் ஆளில்லை. ஆறு முதல் ஏழரைக் கிலோவாக இரண்டு தடவை அவியுங்கள். முதலாவது பதினொன்றரைக்கு இறங்கட்டும், அடுத்தது ஒன்றரைக்கு. எங்கள் ஊர்களில் சனம் பன்னிரண்டுக்கும் வரும், மூன்றரைக்கும் வரும்; பிந்தி வருபவருக்கும் சுடுசோறு கிடைக்கும்.

வெட்டின கையோடு குற்றிய புது நெல்லரிசியை, சொந்த வயல் என்ற பெருமைக்காக, இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். புது அரிசி சீக்கிரம் குழையும். சில மாதம் கிடந்த புழுங்கல் அரிசிதான் கிடாரத்துக்குத் தோது. புதியதில் வாசலில் ஒரு பொங்கல் பொங்குங்கள், அதுதான் அதற்கு அழகு. சோறு அவியும்போது ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை தெரியும்போதே வடிக்க வேண்டும், மிச்சத்தை உள்ளே இருக்கிற சூடு பார்த்துக்கொள்ளும். வடித்த சோற்றைக் கிடாரத்திலேயே மூடி வைத்தால் கஞ்சியாகும். கழுவிய பனம்பாயில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்புங்கள். பாலை மரத்து விறகு நின்று எரியும். சோறு கொதித்ததும் இரண்டு கட்டையை வெளியே இழுத்துவிட மறக்க வேண்டாம்.

ஆட்டிறைச்சி எலும்போடு ஆளுக்கு 150 கிராம், நூறு பேருக்குப் பதினைந்து கிலோ. ஆட்டின் உயிரெடையில் ஏறத்தாழப் பாதிதான் இறைச்சியாக வரும், விலை பேசும்போது அதை நினைவில் வையுங்கள். தேங்காய்ப்பால் விட்ட கறிகள் இந்த வெக்கைக்குத் தாங்காது. பருப்புக்கு முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள். சூட்டோடு இறுக்கி மூடினால் மத்தியானத்துக்குள் புளிக்கும். சொதி பந்தி தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன்னம் வைத்தால் போதும்.

மண்டபம் எடுக்கலாமே என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சொல்வார்கள். அங்கே தட்டுக் கணக்கு. வராதவருடைய தட்டுக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். நகையை அடைவு வைத்துச் செய்கிற விருந்து, வேலை கிடைக்கமுன்னமே பிள்ளையின் தலையில் கடனை ஏற்றுகிறது. முற்றம் போதும். நிறைகுடம், குத்துவிளக்கு, ஆலாத்தி, பிறகு கேக். கேக் முதலில் வந்தால் சின்னப்பிள்ளைகள் சோறு தின்னாது, அவ்வளவுதான்.

பனர் அடிக்கமுன்னம் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். முதுமாணி வேறு, டிப்ளோமா வேறு. 2021 ஆகஸ்டுக்கு முன்னம் வவுனியா வளாகத்தில் முடித்தவருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டம். அதற்குப் பிறகுதான் அது வவுனியாப் பல்கலைக்கழகம். பிழையாக அடித்த பனரின் முன் நின்று பிள்ளை கூச்சத்தோடு சிரிக்க வேண்டியிருக்கும்.

மூலச் சான்றிதழைப் பந்தியில் கைமாற விடாதீர்கள், எண்ணெய் விரல் பட்டால் போகாது. லமினேற் செய்யவே வேண்டாம்: பிறகு உறுதிப்படுத்தல் முத்திரை குத்த இடமிருக்காது, பிரிக்கப்போனால் மை கிளம்பும். சட்டம் போடுவதற்கு நிறப் பிரதி ஒன்று எடுங்கள்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மிஞ்சிய சோற்றையும் பாற்கறியையும் பார்சல் கட்டிக் கொடுக்க வேண்டாம், வயிற்றுக் குத்துத்தான் மிஞ்சும். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு தாராளமாகக் கொடுங்கள். சனசமூக நிலையக் கிடாரத்தையும் கதிரைகளையும் எடுக்கும்போது எண்ணியவரே அடுத்த நாள் காலை எண்ணிக் கொடுக்கட்டும்.